லீனியர் வாங்கும் முன் மொட்டைமாடிக்கு ஒரு தடவை போய் வாருங்கள்

ஹாம் வானொலிக்குப் புதிதாக அழைப்புக்குறி வாங்கியிருக்கும் வி.யு.3 (தொடக்கநிலை உரிமம்) நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

போன ஞாயிறு காலை 40 மீட்டர் நெட்டில் (ஹாம்கள் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும் நேரம்) உங்களில் ஒருவர் வந்தார். புது அழைப்புக்குறி, குரலில் முதல் மாதத்து நடுக்கம். "ஓ.எம்., என் சிக்னல் எப்படி இருக்கு?" என்று கேட்டார். (ஹாம்கள் ஒருவரையொருவர் ஓ.எம்., அதாவது "ஓல்டு மேன்" என்றுதான் கூப்பிடுவோம்.) "ஐந்துக்கு ஐந்து, கொஞ்சம் மங்கித் தெளிகிறது" என்றேன். (தெளிவுக்கு ஐந்தில் ஐந்து, வலுவுக்கு ஒன்பதில் ஐந்து.) அடுத்த கேள்வி உடனே வந்தது: "எந்த லீனியர் வாங்கலாம்?" லீனியர் என்பது ஒலிபரப்பின் சக்தியைப் பெருக்கும் பெட்டி. நாலு பேர் நாலு பதில் சொன்னார்கள். மாடல், விலை, எந்த ஊரில் செகண்ட் ஹேண்டாகக் கிடைக்கும் என்பது வரை பேச்சு போனது. ஆன்டெனா என்ன, எவ்வளவு உயரத்தில் கட்டியிருக்கிறது, கேபிள் எத்தனை வருடம் பழசு என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மைக்கைக் கீழே வைத்த பிறகுதான் உறுத்தியது. அந்த உறுத்தல்தான் இந்த மடல்.

(வி.யு.3 உரிமத்தில் லீனியருக்கு இடம் இருக்கிறதா என்பது தனிக் கதை. கடைக்குப் போகும் முன் உரிமத்தாளில் போட்டிருக்கும் வாட் வரம்பை ஒரு தடவை படித்துவிடுங்கள். படிக்காமல் பெட்டிக்குள் வைத்தவர்கள் நம்மில் நிறைய.)

முதலில் கணக்கு. கையில் 10 வாட் ரிக் (பேசவும் கேட்கவும் உதவும் வானொலிக் கருவி) இருக்கிறது, அதை 100 வாட் ஆக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து மடங்கு, அதாவது 10 டெசிபெல். வந்து சேரும் சிக்னலின் வலுவைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு புள்ளி என்பது 6 டெசிபெல். ஆக எதிர்முனையில் இருப்பவரின் முள் ஒன்றரைப் புள்ளிக்குக் கொஞ்சம் மேல் நகரும், அவ்வளவுதான். 100 வாட்டை 400 ஆக்கினால் ஒரே ஒரு புள்ளி. காசு மட்டும் மடங்கு மடங்காக ஏறும். அதே ஒரு புள்ளியை, சில சமயம் மூன்று புள்ளியை, மாடியில் இருக்கும் கேபிளும் கம்பியும் சத்தமில்லாமல் தின்றுகொண்டிருக்கும். குழாயில் ஓட்டையை வைத்துக்கொண்டு ஒரு குதிரைத்திறன் மோட்டாரைக் கழற்றி மூன்று குதிரைத்திறன் மாட்டினால் மேல்தொட்டி நிறையுமா? சுவர்தான் நனையும்.

இதை நான் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. என் மாடியிலேயே பட்டது. உறையூரில் எங்கள் வீட்டு மாடியில் 2 மீட்டர் பேண்டுக்கு நானே ஒரு கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா செய்து வைத்திருந்தேன். பிவிசி பைப், ஐந்து அலுமினியக் கம்பிகள், ஒவ்வொன்றும் 49 சென்டிமீட்டர், ஒரு சாக்கெட். கேபிள் 20 மீட்டர் ஆர்.ஜி.-58. வைத்த நாளில் எஸ்.டபிள்யூ.ஆர். (மேலே அனுப்பிய சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதன் அளவு, 1.0 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.5 காட்டியது. ஐப்பசி மழை கொட்டித் தீர்த்த பிறகு ஒரு நாள் பார்க்கிறேன், 1.1! மழை வந்து ஆன்டெனாவைச் சரிசெய்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்த மீட்டரைக் காட்டினேன். ஆனால் மலைமேல் இருக்கும் ரிப்பீட்டர் (நம் சிக்னலை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் நிலையம்) மட்டும் நான் கூப்பிட்டால் திறக்கவில்லை. ரிப்பீட்டரில்தான் கோளாறு என்று பத்து நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு ஒருநாள் சலிப்பில் டம்மி லோடையும் (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் 50 ஓம் சுமை) வாட் மீட்டரையும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஆன்டெனாவைக் கழற்றி, கேபிளின் மேல்முனையில் அவற்றை மாட்டினேன். கீழே ரிக் 25 வாட் தள்ளுகிறது. மேலே மீட்டரில் 2 வாட்கூட வரவில்லை. கனெக்டரை அறுத்தபோது உள்ளே பின்னல் கம்பி செம்பு நிறமே இல்லை. கறுப்பும் பச்சையுமாக, கையில் பொடியாக உதிர்ந்தது. கேபிளைத் தலைகீழாகப் பிடித்தால் இரண்டு சொட்டுத் தண்ணீர். மேல்முனையில் சுற்றியிருந்த இன்சுலேஷன் டேப் வெயிலில் உரிந்துபோயிருந்தது, அந்த வழியாக மழை இறங்கியிருக்கிறது.

எஸ்.டபிள்யூ.ஆர். ஏன் நன்றாகக் காட்டியது? மேலே போகும்போதே சக்தியில் பெரும்பகுதி கேபிளில் சூடாகிவிடுகிறது. ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் கொஞ்சமும் கீழே வருவதற்குள் கரைந்துவிடுகிறது. திரும்பி வருவது எதுவும் இல்லையென்றால் மீட்டருக்கு எல்லாம் நலம்தான். நம்ப முடியவில்லையா? 30 மீட்டர் நல்ல ஆர்.ஜி.-58 கேபிளை எடுத்து, மறுமுனையில் எதையும் மாட்டாமல் 145 மெகாஹெர்ட்ஸில் அளந்து பாருங்கள். ஆன்டெனாவே இல்லை, ஆனாலும் மீட்டர் 1.7 பக்கத்தில் நிற்கும். போக 6 டெசிபெல், வர 6 டெசிபெல் இழப்பு. பார்த்தவர் "பரவாயில்லையே" என்பார். டம்மி லோடு மாட்டினால் 1.0 காட்டும், பக்கத்துத் தெருவுக்குக்கூடக் கேட்காது. அந்த மீட்டர் சொல்வது ஒரே ஒரு விஷயம்: எவ்வளவு திரும்பி வருகிறது என்பது. எவ்வளவு வெளியே போகிறது என்று அதற்குத் தெரியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. 1.0 வரவில்லையே என்று தூக்கம் கெடுப்பவர்கள். தரையைவிட்டு வெகு தூரத்தில், வெட்டவெளியில் தொங்கும் சரியான டைபோலின் (நடுவில் கேபிள் சேரும் இருகைக் கம்பி ஆன்டெனா) மின்மறுப்பு சுமார் 73 ஓம். நம் கேபிள் 50 ஓம். அப்போது எஸ்.டபிள்யூ.ஆர். ஏறத்தாழ 1.5. எந்தத் தப்பும் செய்யாத ஆன்டெனாவே 1.5 காட்டும் என்றால் நீங்கள் ஏன் அதோடு மல்லுக்கட்ட வேண்டும்? 1.5-ல் திரும்புவது நூற்றுக்கு 4 பங்கு. 2-ல்கூட 11 பங்குதான். அதற்குமேல் போனால் பல ரிக்குகள் தாமாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் அங்கே கோடு போட்டுக்கொள்ளுங்கள். (நாம் பிரியும்போது சொல்லும் 73-க்கும் இந்த 73 ஓமுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும்.)

சரி, 40 மீட்டர் டைபோல் ஒன்றை எப்படிச் செய்து சோதிப்பது? சூத்திரம் பரீட்சைக்குப் படித்ததுதான். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில். நமக்கு இந்த பேண்டு 7.0 முதல் 7.2 வரை, நடுவில் 7.1 என்றால் 20 மீட்டருக்குச் சற்று மேல். பலரும் அப்படியே வெட்டி, கட்டி, ரிக்கை மாட்டி, ஒலிபரப்பும் கீயை அழுத்திவிடுகிறார்கள். பொறுங்கள். நீங்கள் வாங்கியது வீட்டு வயரிங்குக்கான பிவிசி உறை போட்ட கம்பி. அந்த உறையாலேயே கம்பி கொஞ்சம் நீளமானதுபோல நடந்துகொள்ளும். மாடியின் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிகள், தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் இரும்புக் குழாய், உயரம் எல்லாமே ஒத்ததிர்வை நகர்த்தும். ஆகவே கூடுதலாக வெட்டுங்கள். வெட்டின கம்பி வளராது.

நான் கடைசியாகக் கட்டியதில் ஒவ்வொரு கையும் 10.3 மீட்டர், மொத்தம் 20.6. அது நிரந்தரமாகத் தொங்கப்போகும் உயரத்துக்கே ஏற்றிய பிறகு அளந்தேன். தரையில் கிடக்கும்போது எடுக்கும் அளவு ஜாதகத்தில்கூடச் சேர்க்கத் தகுதியில்லாதது. எஸ்.டபிள்யூ.ஆர். மிகக் குறையும் பள்ளம் 6.72 மெகாஹெர்ட்ஸில் விழுந்தது. 20.6-ஐ 6.72-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுத்தால் 19.5. ஆக ஒரு கைக்கு 55 சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். வெட்டவில்லை, முனையை மடக்கி, கம்பியின்மேலேயே முறுக்கி விட்டேன். மறுபடி ஏற்றினேன். 7.08. போதும் என்று கயிற்றைக் கட்டிவிட்டுக் கீழே வந்து காபி குடித்தேன். 7.1-க்கு இழுக்க இன்னும் இரண்டு தடவை ஏறி இறங்கியிருக்கலாம், எதிர்முனையில் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

அளக்க இன்று நானோ வி.என்.ஏ. என்ற சின்னக் கருவி இருக்கிறது. சில ஆயிரம் ரூபாய், சட்டைப் பையில் அடங்கும். நான் உரிமம் வாங்கிய காலத்தில் இப்படி ஒன்றைக் கையில் பார்த்திருந்தால் சாமி என்று கும்பிட்டிருப்பேன். லீனியருக்கு வைத்திருக்கும் காசில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும். தனியாக வாங்க முடியாவிட்டால் நாலு பேர் சேர்ந்து வாங்குங்கள். திறந்தமுனை, குறுக்குமுனை, 50 ஓம் என்று மூன்று சிறு மூடிகள் கூடவே வரும். அளக்கப்போகும் எல்லைக்கு அவற்றை வைத்து அளவுதிருத்தம் செய்யாமல் திரையில் வரும் எந்தக் கோட்டையும் நம்பாதீர்கள். கேபிளின் மறுமுனையில் வைத்துத் திருத்தினால் கேபிளைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு ஆன்டெனாவை மட்டும் பார்க்கலாம். மாட்டும் முன் கேபிளின் உள்கம்பியையும் வெளிப்பின்னலையும் ஒரு நொடி சேர்த்துத் தொடவிட்டு எடுங்கள். காற்றில் ஆடும் நீளக் கம்பியில் தேங்கும் மின்னூட்டமே இந்தச் சின்னப் பெட்டியைக் கொன்றுவிடும். ரிக்கின் ஆன்டெனா சாக்கெட்டில் அதை மாட்டி கீயை அழுத்தியவர் ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். அவர் வீட்டுக் கண்ணாடியில் தினமும் காலையில் என்னைப் பார்க்கிறார்.

அளந்துகொண்டிருக்கும்போதே கேபிளைக் கையால் பிடித்துப் பாருங்கள். பிடித்தவுடன் கோடு நகர்ந்தால் கேபிளின் வெளிப்பின்னலும் ஆன்டெனாவாக வேலை செய்கிறது என்று அர்த்தம். டைபோலின் நடுவில் பேலன் (வெளிப்பின்னலில் மின்னோட்டம் ஏறாமல் தடுப்பது) போடாமல் நேராகக் கேபிளைப் பற்றவைப்பதால் வருவது. 31 அல்லது 43 ரகப் பெரைட் வளையத்தில் கேபிளைப் பத்துச் சுற்று சுற்றி, டைபோலின் நடுவிலேயே வைத்தால் பெரும்பாலும் அடங்கும். பேலன் இல்லாமல் பலன் இல்லை என்று எங்கள் ஊரில் ஒரு பெரியவர் சொல்லிக்கொண்டே இருப்பார். எரிச்சலாக இருக்கும், ஆனால் உண்மை.

எனக்கு அந்த உண்மை காலிங் பெல் வழியாக வந்தது. மாலை வேளையில் நான் 100 வாட்டில் கூப்பிடும்போதெல்லாம் அடுத்த வீட்டு மாமா கதவைத் திறந்து வெளியே பார்ப்பார். யாரும் இருக்க மாட்டார்கள். தெருப் பிள்ளைகளின் வேலை என்று இரண்டு வாரம் திட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் நான் மைக்கில் "சிக்யூ, சிக்யூ" என்று இழுத்துக் கூப்பிட, சுவருக்கு அந்தப் பக்கம் மணி அதே தாளத்தில் அடித்ததைக் கேட்டேன். வயிற்றைக் கலக்கியது. 20 வாட்டுக்குக் குறைத்தேன், மணி அடங்கியது. அடுத்த நாள் பெரைட் வளையம் போட்டேன், 100 வாட்டிலும் அடிக்கவில்லை. மாமாவிடம் போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அப்ப அந்தப் பசங்க இல்லையா?" என்று அவர் கேட்ட முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகும் நான் 20 வாட்டை விட்டு ஏறவில்லை, ஏனென்றால் 20 வாட்டில் பேசியபோதும் எதிர்முனையில் யாரும் "கேட்கவில்லை" என்று சொல்லவில்லை.

இப்போது காற்றில் வைத்துச் சோதிப்பது. "ஆன்டெனா புதுசு, ரிப்போர்ட் கொடுங்க" என்று கேட்டால் நம் ஆட்கள் ஐந்துக்கு ஒன்பது கொடுத்துவிடுவார்கள். மரியாதை. பாதிப் பெயரைத் தவறாக வாங்கிக்கொண்டே "ஐந்துக்கு ஒன்பது" என்பவர்களும் உண்டு. ரிப்போர்ட்டைவிட ஒப்பீட்டைக் கேளுங்கள். பழைய ஆன்டெனா, புது ஆன்டெனா, இரண்டும் ஒரே வாட்டில், சுவிட்ச் வைத்து மாற்றி மாற்றி. "இப்போது ஒன்று, இப்போது இரண்டு" என்று சொல்லி, எது எதென்று மட்டும் சொல்லாதீர்கள். பத்துத் தடவையாவது மாற்றுங்கள். அயனி மண்டலத்தில் சிக்னல் நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கும். ஒரே ஒரு தடவை பார்த்து "புதுசு இரண்டு புள்ளி அதிகம்" என்று முடிவுகட்டினால் நீங்கள் அளந்தது வானத்தை, கம்பியை இல்லை.

இதற்கு என் விருப்பம் விஸ்பர், மெல்லிய சிக்னல் எவ்வளவு தூரம் போகிறது என்று கணினி வழியாகப் பார்ப்பது. ஜோ டெய்லர் 2008-ல் வெளியிட்ட முறை. 1993-ல் இயற்பியலுக்கு நோபல் வாங்கியவரும் அவர்தான், நம்மைப்போல ஒரு ஹாம். இரட்டைச் சுழலில் இருக்கும் பல்சரைக் கண்டுபிடித்ததற்கு அந்தப் பரிசு. விண்ணின் மெல்லிய சத்தத்தைப் பிரித்தெடுக்கப் பழகியவர் நம் பேண்டுக்கு வந்தால் என்ன செய்வாரோ அதைச் செய்திருக்கிறார். ஒவ்வொரு ஒலிபரப்பும் 2 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் அழைப்புக்குறி, நம் இடத்தைக் குறிக்கும் நான்கெழுத்துக் கட்டம் (திருச்சிக்கு எம்.கே.90), பிறகு எவ்வளவு சக்தி என்பது. கேட்டவர்களின் கணினிகள் தாமாகவே இணையத்தில் பதிந்துவிடும்: யார் கேட்டார், எத்தனை டெசிபெல்லில், எத்தனை கிலோமீட்டர் தூரத்தில். முகஸ்துதி இல்லை. 0.2 வாட்டில் என் டைபோலை ஆஸ்திரேலியாவில் கேட்டிருக்கிறார்கள் என்று முதல் நாள் திரையில் பார்த்தபோது, நெட்டில் என்னை "லீனியர் போடு" என்று சொன்னவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல இருந்தது. இரண்டு ஆன்டெனாவையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு வாரம் ஓடவிட்டு, ஒரே நிலையங்கள் கொடுத்த எண்களை எதிரெதிரே வைத்துப் பாருங்கள். அப்போது தெரியும் எது தேறும் என்று.

ஒன்று கவனம். 10 மீட்டர் உயரத்தில் தொங்கும் 40 மீட்டர் டைபோல் சக்தியின் பெரும்பகுதியை மேல்நோக்கித்தான் அனுப்பும். கால் அலைநீளம்கூட இல்லாத உயரம். அதனால் சேலம், மதுரை, நாகர்கோவில் எல்லாம் ஜோராகக் கேட்கும், ஐரோப்பா மங்கலாக வரும். அது கோளாறு இல்லை. காலை நெட்டுக்கு அதுதான் வேண்டும். தூரத்துக்கு ஆசைப்பட்டால் 20 மீட்டர் பேண்டுக்கு இன்னொரு கம்பியை முடிந்த உயரத்தில் கட்டுங்கள்.

இனி வாட் பற்றி. தேவையான சேவைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சக்தியை மட்டுமே வெளியிட வேண்டும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி ஒழுங்குமுறையின் 15-வது பிரிவே சொல்கிறது. எல்லாக் கப்பலுக்கும் கோபுரத்துக்கும் பொதுவான விதி, நமக்கு மட்டும் தனி விலக்கு இல்லை. ஆனால் எனக்கு இது விதியைவிடப் பழக்கத்தின் விஷயம். 5 வாட் ரிக் ஒன்று 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 2 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் ரிக் 20 ஆம்பியர் கேட்கும். புயலில் நாலு நாள் கரண்ட் இல்லாமல் கிடக்கும்போது எது கைகொடுக்கும் என்று டெல்டா மாவட்டத்துக்காரர்களிடம் நான் சொல்ல வேண்டியதில்லை.

எப்.டி.8-ல் (கணினி வழியாகச் சிறு செய்திகளைப் பரிமாறும் முறை) வருகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். ரிக்கின் மேல் 100 வாட் என்று எழுதியிருப்பது விட்டுவிட்டு வரும் பேச்சுக்கு. எப்.டி.8 15 விநாடிச் சுற்றில் ஏறக்குறைய முழுக்க ஒரே சீராகத் தள்ளும், பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கணினியின் ஒலியளவை, ரிக்குக்கு மிஞ்சிப்போவதைக் காட்டும் ஏ.எல்.சி. முள் எழும்பும் வரை ஏற்றினால் உங்கள் சிக்னல் பெருகாது, அகலும். பக்கத்தில் 5 வாட்டில் முனகிக்கொண்டிருப்பவரை மிதித்துவிடுவீர்கள்.

இதை நம் ஊர்க்காரர்கள் வானத்திலேயே பார்த்திருக்கிறோம். 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-6 கார்ட்டோசாட்-1 கூடவே ஹாம்களுக்கான செயற்கைக்கோளான ஹாம்சாட்டையும் ஏற்றிப் போனது. 2014-ல் அது ஓயும் வரை அதன் டிரான்ஸ்பாண்டர் (கீழிருந்து வருவதை வாங்கி மறுபடி அனுப்பும் கருவி) வெளியே விட்டது 1 வாட் அளவுதான். அந்த ஒரு வாட்டை அந்த நேரத்தில் பேசுகிற எல்லோரும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. கையில் சின்ன யாகி ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு சில வாட்டில் பேசுகிறவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். யாராவது ஒருவர் கீழிருந்து பெரிதாகத் தள்ளினால் டிரான்ஸ்பாண்டர் அவருக்கே தன்னைத் தாழ்த்திக்கொள்ளும், மற்ற அத்தனை பேரும் சேர்ந்து அமிழ்ந்துபோவார்கள். பந்தியில் பக்கத்து இலைக்கும் சேர்த்துக் கை நீட்டுகிற ஆள்.

லீனியர் வைத்திருப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. சிக்னலை நிலவில் மோதித் திரும்ப வைப்பவர்களுக்கு வேண்டும். அடுத்த படியான ஜெனரல் உரிமம் வாங்கி, ஆன்டெனாவை முடிந்தவரை தேற்றி, இரைச்சலையும் ஒடுக்கிய பிறகும் குறைகிறது என்றால் தாராளமாக வாங்குங்கள். இரைச்சல் என்றதும் நினைவுக்கு வருகிறது: உங்கள் வீட்டு எல்.இ.டி. பல்புகள், இன்வெர்ட்டர், செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்து எஸ் மீட்டரைப் பார்த்திருக்கிறீர்களா? முள் எஸ்-7-ல் உட்கார்ந்திருந்தால் எதிராளி பதில் சொல்வது உங்களுக்குக் கேட்காது. 400 வாட்டில் கூவினாலும் கேட்காது. வாய் மட்டும் வளர்ந்து காது அடைத்துப்போன நிலையங்கள் நம் நெட்டில் ஏற்கெனவே இரண்டு மூன்று இருக்கின்றன. இன்னொன்று வேண்டாம்.

பாதுகாப்பைப் பற்றி நீளமாகச் சொல்லப்போவதில்லை, ஆனால் இதில் விளையாட்டு கிடையாது. கயிறு அறுந்து எந்தப் பக்கம் விழுந்தாலும் கம்பி ஈபி லைனைத் தொடக்கூடாத இடத்தில் மட்டுமே கட்டுங்கள். கம்பு, பைப், ஏணி எல்லாவற்றுக்கும் அதே கணக்கு. தனியாக ஏறாதீர்கள். டைபோலின் இரண்டு நுனிகளிலும் 50 வாட்டிலேயே சுடும் அளவுக்கு வோல்டேஜ் இருக்கும். துணி காயப்போட வருகிறவர்களின் கைக்கு எட்டும் உயரத்தில் நுனி தொங்கக்கூடாது. மாடியில் ஆள் இருந்தால் கீயை அழுத்தாதீர்கள். இடி சத்தம் கேட்டால் கேபிளைக் கழற்றி வெளியே போடுங்கள்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, நெட் முடிந்தவுடன், எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு வாருங்கள். அவரவர் கட்டிய ஆன்டெனாவை, முடிந்தால் கேபிளோடு, கழற்றி எடுத்து வாருங்கள். சுவரோடு சுவராக ஒட்டியது, டி.வி. கேபிளில் செய்தது, சட்டை மாட்டும் ஹேங்கரில் செய்தது, எதுவானாலும் சரி. நானோ வி.என்.ஏ., டம்மி லோடு, வாட் மீட்டர், டேப், இரண்டு நைலான் கயிறு என்னிடம் இருக்கின்றன. போன ஞாயிறு லீனியர் கேட்டவர் கட்டாயம் வர வேண்டும். உங்கள் கேபிளைத்தான் முதலில் அளக்கப்போகிறோம். எங்கள் வீட்டில் அந்த வாரம் கூழ்வற்றல் போடுவார்கள், மாடியின் கிழக்குப் பாதி முழுக்க வேட்டி விரித்திருக்கும். பார்த்துக் கால் வையுங்கள். அடுத்த வீட்டு மாமாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

73,
உறையூரிலிருந்து உங்கள் பழைய ஓ.எம். ஒருவர்